நாட்டின் வர்த்தகத் தீர்மானங்களும் கமக்காரரும்

ஒரு புசல் நெல்லின் விலை எங்கே தீர்மானிக்கப்படுகின்றது என்று வினவினால், சந்தையிலே என்பார் சிலர்; அரிசி ஆலைக்காரரின் கணக்குப் புத்தகத்திலே என்பார் வேறு சிலர். இரண்டிலும் உண்மை உண்டு. ஆயினும் நெல்லின் விலையிலும், மிளகாய், வெங்காயம் ஆகியவற்றின் விலையிலும், பசளை மூடையின் விலையிலும் பெரும் பங்கு கொழும்பிலே கையொப்பமாகும் கட்டளைகளாலும், சில வேளைகளிற் பிற நாட்டுத் தலைநகரங்களிலே செய்யப்படும் தீர்மானங்களாலும் அமைகின்றது. எந்தப் பொருளை இறக்குமதி செய்வது, எதனைத் தடுப்பது, எந்த நாட்டோடு கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்வது, டொலர் ஒன்றுக்கு எத்தனை ரூபா கொடுப்பது என்பன யாவும் அரசின் தீர்மானங்களாகும். அவை வயலை வந்தடையச் சில மாதங்கள் செல்லும். அச்சில மாதங்களுக்குள்ளே கமக்காரர் விதைத்து விடுகின்றார். இடர் பெரும்பாலும் இந்த இடைவெளியிலேதான் பிறக்கின்றது.

இவ்வாறான தீர்மானங்கள் முன்னர் எவ்வழியாக வயலையும் தோட்டத்தையும் வந்தடைந்தன என்பதை அறிந்து வைத்திருப்பவர், அடுத்த தீர்மானம் வரும்போது அதன் போக்கை ஓரளவு முன்கூட்டியே உணர்ந்துகொள்வார்.

இறப்பரும் அரிசியும்

1951ஆம் ஆண்டிலே, கொரியப் போர் நடந்துகொண்டிருந்த வேளையில், போர்த்தேவைக்குரிய பொருள்களைச் சீனாவுக்கு அனுப்பலாகாது என ஐக்கிய நாடுகள் சபை தீர்மானித்தது. இறப்பரும் அத்தகைய பொருளாகவே கருதப்பட்டது. இலங்கை அப்போது அச்சபையில் அங்கம் பெற்றிருக்கவில்லை; 1955ஆம் ஆண்டிலேதான் அது சேர்த்துக்கொள்ளப்பட்டது. இக்காலத்தில் நாட்டுக்கு இரண்டு இடர்கள் ஒருங்கே நேர்ந்தன. போரின் தொடக்கத்தில் மிக உயர்ந்து நின்ற இறப்பரின் விலை கீழே விழுந்தது. உலகச் சந்தையில் அரிசி கிடைப்பது அரிதாகி, அதன் விலை மேலே ஏறியது. இலங்கை மக்கள் உண்ட அரிசியிற் பாதிக்கு மேற்பட்ட பங்கு அந்நாளிற் கடல் கடந்தே வந்துகொண்டிருந்தது. விற்கும் பொருள் மலிந்து, வாங்கும் பொருள் அருகினால் ஒரு குடும்பம் என்ன பாடுபடுமோ, அதே பாட்டை நாடும் பட்டது.

முதலில் ஐக்கிய அமெரிக்காவிடம் அரிசியும், இறப்பருக்கு நல்ல விலையும் கேட்கப்பட்டன. உடன்பாடு ஏற்படவில்லை. அதன் பின்னர் வர்த்தக அமைச்சர் ஆர். ஜி. சேனநாயக்க பீக்கிங் நகருக்குச் சென்றார். 1952ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 18ஆந் தேதி அங்கு ஓர் ஒப்பந்தம் கைச்சாத்தானது. அதன்படி ஆண்டுதோறும் சீனா 2,70,000 மெற்றிக் தொன் அரிசியை இலங்கைக்குத் தருவதென்றும், இலங்கை 50,000 மெற்றிக் தொன் இறப்பரைச் சீனாவுக்குத் தருவதென்றும் ஐந்தாண்டுகளுக்கு முடிவாயிற்று. இறப்பருக்குச் சந்தை விலையிலும் கூடிய விலை கிடைத்தது. அந்நாளில் இரு நாடுகளுக்குமிடையே தூதரக உறவு தானும் இருக்கவில்லை. அது 1957ஆம் ஆண்டிலே ஏற்பட்டது. ஒப்பந்தமோ ஐந்தாண்டுக்கொரு முறை புதுப்பிக்கப்பட்டு 1982ஆம் ஆண்டு வரை நீடித்தது.

இத்தகைய தீர்மானத்துக்கு விலை கொடாமல் இருக்க இயலாது. ஐக்கிய அமெரிக்கா இலங்கைக்குப் பொருளாதார உதவி வழங்க மறுத்தது. இறப்பர் மரங்களின் இலைநோய்க்குத் தூவப்படும் கந்தகத்தை விற்பதையும் நிறுத்திக்கொண்டது. தொலைவிலுள்ள ஒரு போரின் பொருட்டுக் களுத்துறையிலும் கேகாலையிலும் உள்ள சிறு தோட்டக்காரருக்குக் கந்தகத் தூள் அருமையாயிற்று என்பதைக் கமக்காரர் கவனித்தல் நன்று. மறுபுறத்தில், இறப்பருக்குக் கிடைத்த நல்ல விலையானது, முதிர்ந்த மரங்களை வெட்டிப் புதிய கன்றுகளை நடுவதற்கு 1953இலே தொடங்கப்பட்ட மீள்நடுகை உதவித் திட்டத்துக்கு ஆதரவாக அமைந்தது.

நெற்செய்கையாளரை இது எவ்வாறு தொட்டது? இங்கே சிறிது கணக்குப் பார்த்தல் வேண்டும். 1948இலே தொடங்கிய உத்தரவாத விலைத் திட்டத்தின் கீழ், 1950களில் ஒரு புசல் நெல்லுக்கு 12 ரூபா கொடுக்கப்பட்டது. ஒரு புசல் நெல் 46 இறாத்தல் நிறையுடையது. அதனைக் குற்றினால் ஏறத்தாழ 30 இறாத்தல் அரிசி, அதாவது 15 கொத்து அரிசி கிடைக்கும். ஆகவே குற்றுக்கூலியும் ஏற்றுகூலியும் சேராமலே ஒரு கொத்து அரிசிக்கு அரசு 80 சதம் செலவிட்டது. அதே அரசு பங்கீட்டு அரிசியைச் சில காலங்களில் கொத்து 25 சதத்துக்கு மக்களுக்கு விற்றது. எஞ்சிய 55 சதத்தை எவரோ ஒருவர் கொடுத்தாக வேண்டும். அரசே அதனைக் கொடுத்தது. இந்நிலையிலே தமது நெல் முழுவதையும் கூட்டுறவுச் சங்கத்துக்கு விற்றுவிட்டு, பங்கீட்டு அரிசியை வாங்கி உண்ட கமக்காரர் பலர். அவர்களை எவரும் குறை கூறுதல் இயலாது. கணக்கு அவ்வாறே இருந்தது. உலகச் சந்தையில் அரிசி மலிந்தால் அரசின் சுமை குறையும், ஏறினால் கூடும். இதனாலேதான் அரிசியின் இறக்குமதி விலை உள்நாட்டு நெல்லின் உத்தரவாத விலையோடு கட்டுண்டிருந்தது.

1953ஆம் ஆண்டு யூலை மாதத்திலே அந்தச் சுமையைத் தாங்க முடியாதென்று கருதிய அரசு, 25 சதமாக இருந்த ஒரு கொத்து அரிசியின் விலையை 70 சதமாக உயர்த்தியது. பாடசாலைப் பிள்ளைகளின் மதிய உணவும் குறைக்கப்பட்டது. ஆகஸ்டு 12ஆந் தேதி நாடெங்கும் ஹர்த்தால் நடந்தது, உயிர்களும் பலியாயின. ஒக்டோபர் மாதத்தில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். அதன் பின்னர் ஆட்சிக்கு வந்த எவரும் அரிசியின் விலையைத் தொடுவதற்குத் தயங்கினர். நகரத்திலே சோற்றை மலிவாக வைத்திருக்க வேண்டுமென்ற அந்தத் தயக்கம், நெல்லின் விலைக்கும் நெடுங்காலமாக ஒரு மேல்வரம்பாக இருந்துவருகின்றது. அறுவடைக் காலத்திலே இறக்குமதி அரிசி ஏன் வந்திறங்குகின்றது என்று வினவும் கமக்காரருக்கு இதுவே பெரும்பாலும் விடையாகும்.

மூடிய கதவும் திறந்த கதவும்

தோட்டப் பயிர்களின் கதை வேறு. அரிசியின்றி அரசு நடவாது. மிளகாயும் வெங்காயமும் அவ்வாறல்ல. வெளிநாட்டுச் செலாவணி குறையும்போது முதலிலே தடுக்கப்படுவன இவைபோன்ற பொருள்களேயாம். தேயிலைக்குக் கிடைத்த விலை குறைந்து, இறக்குமதிப் பொருள்களின் விலை ஏறிக்கொண்டிருந்த 1960களின் பிற்பகுதியில் உருளைக்கிழங்கின் இறக்குமதி நிறுத்தப்பட்டது. 1970இல் ஆட்சிக்கு வந்த திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்க அவர்களின் அரசு, செத்தல் மிளகாய், வெங்காயம் முதலியவற்றையும் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. 1973இலே எண்ணெய் விலை ஏறியபின் கட்டுப்பாடு மேலும் இறுகியது.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் செம்பாட்டு மண்ணிற் கிணற்று நீரைக்கொண்டு பயிர் செய்வோருக்கு இது பெரும் வாய்ப்பாக அமைந்தது. முன்னர் துலாவினால் இறைத்த கிணறுகளிலே மண்ணெண்ணெயில் இயங்கும் நீரிறைக்கும் இயந்திரங்கள் ஏறியிருந்தன. புகையிலை நின்ற பரப்புகளிலே மிளகாயும் சின்ன வெங்காயமும் நின்றன. லொறிகள் தோட்ட வாயிலுக்கே வந்தன. படித்துவிட்டு வேலை கிடையாதிருந்த இளைஞர்கள் வன்னிக்குச் சென்று விசுவமடு, முத்தையன்கட்டு முதலிய இடங்களிற் காடு வெட்டி மிளகாய்ச் செய்கையில் இறங்கினர். கமத்தொழிலைத் தாழ்வாக எண்ணிய குடும்பங்களும் அக்காலத்தில் அவ்வெண்ணத்தை மாற்றிக்கொண்டன எனின் மிகையாகாது.

எனினும் இக்காலத்தை வெறும் பொற்காலமாக நினைவு கூர்தல் நேர்மையன்று. தோட்டக்காரர் பெற்ற உயர்ந்த விலை, வாங்குவோர் கொடுத்த உயர்ந்த விலையேயாகும். பாணுக்கும் மாவுக்கும் மக்கள் வரிசையில் நின்றனர். நெல்லையும் அரிசியையும் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தனியார் கொண்டுசெல்லாதபடி வீதிகளிலே தடைகள் வைக்கப்பட்டன. சொந்த வயலில் விளைந்த நெல்லை உறவினர் வீட்டுக்கு எடுத்துச் செல்வதும் குற்றமாயிற்று. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலே, நிலமுமின்றிப் போதிய பங்கீடுமின்றி இருந்த தொழிலாளரிடையே 1974ஆம் ஆண்டிலே பட்டினியும் நோயும் மிகுந்து, இறப்பு வீதம் உயர்ந்தது. ஒரே கொள்கை சுன்னாகத்திலே கல்வீடு எழுப்பிற்று. நுவரெலியா லயத்திலே அடுப்பை அணைத்தது.

1977ஆம் ஆண்டு யூலைத் தேர்தலில் ஆட்சி மாறியது. நவம்பர் மாத வரவு செலவுத் திட்டத்தோடு கதவு திறந்தது. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் பெரும்பாலும் நீங்கின. டொலர் ஒன்றின் பெறுமதி 16 ரூபா என வைக்கப்பட்டது. இதனால் இரண்டு பக்கத்திலிருந்தும் அடி விழுந்தது. ஒரு பக்கத்திலே வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் வந்து விலையை இறக்கின. மற்றப் பக்கத்திலே ரூபாவின் பெறுமதி குறைந்தமையால் எண்ணெய், பசளை, மருந்து ஆகியவற்றின் விலை ஏறியது. விலை உயர்ந்திருந்த காலத்தில் இயந்திரத்துக்கும் கிணறு ஆழப்படுத்துவதற்கும் கடன் பட்டவர்களே மிகவும் இடர்ப்பட்டனர். பயிர் ஒரு போகத்திலே மாறும். கடனோ தவணைப்படி மாறாமல் நிற்கும்.

இதே அனுபவம் பின்னர் வேறு மாவட்டங்களுக்கும் வந்தது. 1996இலே உருளைக்கிழங்கு, வெங்காயம், மிளகாய் ஆகியவற்றின் இறக்குமதிக்கு விதிக்கப்பட்டிருந்த அனுமதிப்பத்திர முறை நீக்கப்பட்டபோது, வெலிமடையிலும் நுவரெலியாவிலும் உருளைக்கிழங்கு நட்டவர்கள் யாழ்ப்பாணத்தார் 1978இற் கண்டதைக் கண்டனர்.

கதவைத் திறப்பதும் மூடுவதும் இலங்கை அரசு மாத்திரமன்று. 2019ஆம் ஆண்டு செப்டெம்பர் இறுதியில் இந்தியா தனது மக்களுக்கு வெங்காயம் போதாதெனப் பெரிய வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்தது. 2023ஆம் ஆண்டு டிசெம்பரிலும் அவ்வாறே தடை செய்து, 2024 மே மாதத்திலே நீக்கியது. இரு முறையும் இலங்கைச் சந்தையில் விலை ஏறியது. தடை இருந்த மாதத்திலே விளைவு கையிலிருந்தவர் பயன் பெற்றார். விலையைக் கண்டு அதன் பின்னர் நட்டவர், தடை நீங்கிய பின்னரே அறுவடை செய்தார். ஏறிய விலையைப் பார்த்து நடுவது, சென்றுவிட்ட பேருந்துக்குக் கை காட்டுவது போன்றதாகும்.

2007ஆம் ஆண்டின் விசேட வியாபாரப் பண்ட அறவீட்டுச் சட்டத்தின் கீழ், வெங்காயம், உருளைக்கிழங்கு, செத்தல் மிளகாய் முதலியவற்றின் இறக்குமதி வரி வர்த்தமானி மூலம் காலத்துக்குக் காலம் ஏற்றவும் இறக்கவும் பட்டு வந்துள்ளது. உள்நாட்டு அறுவடை மிகும் மாதங்களில் ஏற்றுவதும், பண்டிகைக்கு முன்னர் விலை உயர்ந்தால் இறக்குவதும் பொதுவான வழக்கம். மாத்தளை மாவட்டத்திற் பெரிய வெங்காயம் ஆகஸ்டு, செப்டெம்பர் மாதங்களிலே மிகுதியாக அறுவடையாகின்றது. வரி ஏறுமென்பதை அறிந்த வணிகர் அதற்கு முன்னரே களஞ்சியத்தை நிரப்பிக்கொள்வராயின், வரியின் பயன் தோட்டத்தை அடையாது. எனவே வரி ஏறியது என்ற செய்தியை மாத்திரம் நம்புதல் போதாது. அதற்கு முந்திய மாதத்தில் எவ்வளவு வந்திறங்கியது என்பதையும் விசாரித்தல் வேண்டும்.

பசளை

அண்மைக் காலத்து அனுபவம் யாவற்றிலும் கசப்பானது. 2021ஆம் ஆண்டு மே மாதம் 6ஆந் தேதி வெளியான அதிவிசேட வர்த்தமானி, இரசாயனப் பசளைகளினதும் பீடைநாசினிகளினதும் இறக்குமதியைத் தடை செய்தது. நஞ்சற்ற உணவு என்பதே அதன் நோக்கமாகக் கூறப்பட்டது. பசளைக்கென ஆண்டுதோறும் செல்லும் 40 கோடி டொலரை மீதப்படுத்தலாம் என்பதும் அதனோடு கூறப்பட்டது. இரண்டாவது காரணத்தின் வேர் வேறிடத்திலே இருந்தது. 2019 டிசெம்பரில் வரிகள் பெருமளவிற் குறைக்கப்பட்டன. அரசின் வருமானம் சுருங்கியது. நோய்த்தொற்றினால் உல்லாசப் பயணிகள் வரவில்லை. 2019இன் இறுதியில் 760 கோடி டொலராக இருந்த நாட்டின் வெளிநாட்டு ஒதுக்கு, 2021 நவம்பர் இறுதியில் 160 கோடியளவுக்கு இறங்கியிருந்தது. ஆகவே கமக்காரரின் பசளை மூடை, அவர் அறியாமலே, கடன் தவணையோடு ஒரே தராசில் வைக்கப்பட்டது.

சேதனப் பசளை மண்ணுக்கு நன்மை தருவது என்பதில் ஐயமில்லை. மண்ணைப் பொலபொலப்பாக்கி, நீரையும் ஊட்டத்தையும் அது பிடித்து வைத்திருக்கும். பிழை அளவிலும் காலத்திலும் இருந்தது. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன் உண்டு. 50 கிலோ மூடை ஒன்றில் 23 கிலோ நைதரசன் இருக்கின்றது. சாதாரண கூட்டெருவில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒரு பங்கே நைதரசன் உண்டு. ஆகவே ஒரு மூடை யூரியாவுக்கு ஈடாக 2,300 கிலோ கூட்டெரு வேண்டும். ஏக்கருக்கு இரண்டு மூடை யூரியா இடுபவர், அதற்கு ஈடாக நாலரைத் தொன்னுக்கு மேற்பட்ட கூட்டெருவைச் சுமந்து வயலுக்குக் கொண்டு செல்ல வேண்டும். அதிலும் முதற் போகத்திலே பயிருக்குக் கிடைப்பது ஒரு பகுதியேயாம். மீதி மெல்ல மெல்லவே கரையும். பெரும்போகத்தில் நாட்டில் 7 இலட்சம் ஹெக்டயருக்கு மேல் நெல் விதைக்கப்படுகின்றது. அவ்வளவு கூட்டெருவை ஐந்து மாதத்துள் ஆக்குவதற்கு வேண்டிய சாணமும் இலைதழையும் நாட்டில் இருக்கவில்லை என்பதை எந்த ஊர்க் கமக்காரரும் அறிவார்.

குறையை நிரப்பக் கடல் கடந்து பார்க்க நேர்ந்தது. சீனாவிலிருந்து சேதனப் பசளை தருவிக்கப்பட்டது. அனுப்பப்பட்ட மாதிரியில் தீங்கு தரும் பற்றீரியா இருப்பதாகத் தாவரத் தொற்றுநோய்த் தடுப்புச் சேவை அறிவித்தமையால், கப்பல் ஏற்றுக்கொள்ளப்படவில்லை. கொடுப்பனவு நிறுத்தப்பட்டது. அதன் காரணமாக இலங்கையின் அரச வங்கியொன்றைச் சீனத் தூதரகம் கறுப்புப் பட்டியலிற் சேர்த்தது. முடிவிலே 2022 சனவரியில் பசளை இறங்காமலே பணம் கொடுக்கப்பட்டது. இதற்கிடையில் இந்தியாவிலிருந்து நைதரசன் திரவப் பசளை விமானப்படை விமானங்களிலே வந்தது. பசளையானது இவ்வாறு இரு பெரிய நாடுகளின் உறவுக்குள் அகப்பட்டுக்கொண்டதற்கு, வேண்டிய நேரத்தில் வேண்டிய பொருள் கையில் இல்லாமையே காரணமாகும்.

நவம்பர் இறுதியிலே தடை நீக்கப்பட்டது. ஆனால் அம்பாறையிலும் மட்டக்களப்பிலும் ஒக்டோபரில் விதைத்த நெல் தடை நீங்கும்வரை காத்திருக்கவில்லை. மட்டம் வெடிக்கும் பருவத்தில் நைதரசன் பெறாத பயிருக்குப் பின்னர் எவ்வளவு இட்டாலும் இழந்த மட்டம் மீளாது. கட்டளை மாறினும் கப்பல் வருவதற்குப் பல வாரம் செல்லும் என்பதும் உண்டு. 2020/21 பெரும்போகத்தில் ஏறத்தாழ 30 இலட்சம் மெற்றிக் தொன்னாக இருந்த நெல் விளைவு, 2021/22 பெரும்போகத்தில் ஏறத்தாழ 19 இலட்சமாக வீழ்ந்தது. ஆண்டு முழுவதற்கும் பார்த்தால் 2021இல் 51 இலட்சமாக இருந்தது 2022இல் 34 இலட்சமாயிற்று. அவ்வாண்டிலே தமிழ்நாட்டு அரசு 40,000 மெற்றிக் தொன் அரிசியை உதவியாக அனுப்பியது. சீனா பாடசாலைப் பிள்ளைகளின் உணவுக்கென 10,000 மெற்றிக் தொன் அரிசி வழங்கியது. 70 ஆண்டுகளுக்கு முன்னர் இறப்பரைக் கொடுத்து அரிசி வாங்கிய நாடு, இம்முறை கொடுப்பதற்கு ஒன்றும் கையில் இல்லாமல் அதனைப் பெற்றுக்கொண்டது.

பசளையின் விலை ஏறிய விதமும் விளங்கிக்கொள்ளத் தக்கது. இறக்குமதிப் பொருளின் விலை இரண்டு எண்களின் பெருக்கமாகும்: உலக விலை ஒன்று, டொலரின் ரூபாப் பெறுமதி மற்றொன்று. 2020இலே உலகச் சந்தையில் ஒரு தொன் யூரியா சராசரி 229 டொலர். டொலர் ஒன்று ஏறத்தாழ 185 ரூபா. அதன்படி 50 கிலோ மூடையின் அடிவிலை 2,100 ரூபாவளவாகும். 2022 ஏப்ரலில் ஒரு தொன் 925 டொலர்; டொலர் ஒன்று 330 ரூபாவளவில் நின்றது. மூடையின் அடிவிலை 15,000 ரூபாவுக்கு மேற்பட்டது. உலக விலை நான்கு மடங்காகவும், டொலர் ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்காகவும் ஏற, மூடை ஏழு மடங்காயிற்று. முந்திய ஆண்டுகளில் நெற்செய்கைக்கு இலவசமாகக் கிடைத்த யூரியா, 2022 சிறுபோகத்தில் மூடை 10,000 ரூபாவுக்குக் கொடுக்கப்பட்டது. அதுவும் இந்தியக் கடனுதவியால் யூலை மாதத்திலே வந்த யூரியாவாகும். 2023இலே ஐக்கிய அமெரிக்காவின் உதவியாக 36,000 மெற்றிக் தொன் முச்சுப்பர் பொசுபேற்று நெற்செய்கையாளருக்கு இலவசமாகப் பகிர்ந்தளிக்கப்பட்டது.

கிணற்றுப் பாசனக்காரரை வேறொரு கட்டளை தாக்கியது. 2022 ஆகஸ்டு மாதத்திலே ஒரு லீற்றர் மண்ணெண்ணெயின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. ஒரு முறை இறைப்பதற்கு 3 லீற்றர் செலவாகும் வெங்காயத் தோட்டத்தில், போகமொன்றுக்கு 25 முறை இறைப்பதாகக் கொண்டால், முன்னர் 6,525 ரூபாவாக இருந்த செலவு 25,500 ரூபாவாகும். நட்ட பின்னர் விலை ஏறினால் இறைப்பை நிறுத்த முடியாது என்பதைத் தோட்டக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

விதைப்புக்கு முன் கவனிக்கத் தக்கவை

அரசின் தீர்மானத்தைக் கமக்காரர் தனித்து நின்று மாற்ற இயலாது. ஆயினும் அது எவ்வளவு ஆழமாகத் தம்மை வெட்டும் என்பது ஓரளவு அவரது கையில் உண்டு.

முதலாவது, அடக்கவிலையை எழுதி அறிதல் வேண்டும். உதாரணமாக, ஏக்கரொன்றுக்கு 1,20,000 ரூபா செலவாகி 2,000 கிலோ நெல் கிடைத்தால், ஒரு கிலோவின் அடக்கவிலை 60 ரூபா. அதே செலவிலே 1,300 கிலோ மாத்திரம் கிடைத்தால் அது 92 ரூபாவாகும். சொந்த உழைப்பையும் குடும்பத்தாரின் உழைப்பையும் கூலியாகக் கணக்கிற் சேர்க்காதவர் இலாபம் என்று எண்ணி நட்டத்தைத் தூக்கிக்கொண்டு வீடு செல்வர். இவ்வேட்டைப் பலரும் வைப்பதில்லை. வைப்பவர்களுக்கு ஆலைக்காரரோடு பேசும்போது ஒரு கால் உறுதியாக ஊன்றியிருக்கும்.

கப்பலில் வரும் பொருளிலே தங்கியிருத்தலைக் குறைக்கும் வழிகள் வயலிலேயே உண்டு. நெற்பயிர் மண்ணிலிருந்து எடுக்கும் பொற்றாசியத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு வைக்கோலிலே தங்குகின்றது. அதனைக் கொளுத்துதல், பணம் கொடுத்து வாங்க வேண்டிய பசளையைக் கொளுத்துதலாகும். சூடு அடித்த இடத்திலே குவித்து விடாது, வயலெங்கும் பரப்பி உழுதுவிடல் வேண்டும். யூரியாவை ஒரே முறையில் எறியாது, பயிரின் வயதுக்கேற்பப் பிரித்து, இலை நிற அட்டையைப் பார்த்து, வயலில் நீர் மட்டாக நிற்கும்போது இடுபவர் குறைந்த மூடையிலே அதே விளைவைப் பெறக்கூடும். கூட்டெருவை யூரியாவுக்குப் பதிலாக அன்றி, அதனோடு சேர்த்து ஆண்டுதோறும் இட்டுவந்தால், பசளை தட்டுப்படும் ஆண்டிலும் மண் கைவிடாது. மண்ணைப் பரிசோதித்து, பொசுபரசு போதியளவு இருப்பதாகத் தெரிந்தால் அப்போகத்துக்கு அதனை வாங்காது விடலாம்.

தோட்டக்காரர் ஒரே பயிரிலே பரப்பு முழுவதையும் கொட்டுதல் ஆகாது. இறக்குமதி தடைப்பட்டிருப்பதால் ஒரு பயிருக்கு நல்ல விலை கிடைக்குமாயின், அத்தடை நீங்கும் நாளும் ஒன்று உண்டெனக் கொண்டு, அப்பயிரின் இலாபத்தை நம்பி மூன்று நான்கு ஆண்டுத் தவணைக் கடன் எடுத்தலைத் தவிர்த்தல் வேண்டும். சின்ன வெங்காயத்தை நன்கு காயவிட்டுப் பிடிகளாகக் கட்டிக் காற்றோட்டமுள்ள கொட்டிலிலே தொங்கவிடுபவர், விலை விழுந்த வாரத்தில் விற்காது பொறுத்திருக்கலாம். அடுத்த போகத்தின் விதைக்கும் பிறர் கையை எதிர்பார்க்க வேண்டியதில்லை. அறுவடை வயலிலேயே கைமாறும் இடங்களில் இவ்வசதி இல்லை. வணிகர் அதனை நன்கு அறிவர்.

பெரும்போகத்துக்குரிய பயிர்ச்செய்கைக் கூட்டம் விதைப்புக்கு முன்னரே கூட்டப்படுகின்றது. அங்கே வாய்க்காலில் நீர் திறக்கும் நாளைக் கேட்டுவிட்டு எழுந்துவிடுதல் வழக்கம். கமநல சேவை நிலையத்திலே இன்று எத்தனை மூடை பசளை கையிருப்பில் உள்ளது, எஞ்சியது எப்போது வந்து சேரும், எந்த விலைக்குக் கொடுக்கப்படும், நெல்லை அரசு கொள்வனவு செய்யுமாயின் எந்த ஈரப்பதத்துக்கு என்ன விலை என்பனவற்றைக் கமக்காரர் அமைப்பின் செயலாளர் எழுத்திலே கேட்டு, விடையைக் கூட்டக் குறிப்பிலே பதியச் செய்தல் வேண்டும். கையிருப்பு அடிப்பசளைக்கும் முதல் மேற்பசளைக்கும் போதாதென்று தெரியவந்தால், நீர் நிச்சயமான தாழ்ந்த வயல்களை நெல்லுக்கு வைத்துக்கொண்டு, மேட்டு வயல்களிலே யூரியா அதிகம் வேண்டாத உழுந்தோ பயறோ இடுவதற்கு வேண்டிய விதையை அக்கிழமையிலேயே தேடி ஒதுக்கிக்கொள்ளலாம்.